உன் முறைக்கு வந்த மானிட்டர்

நேற்றுக் காலை கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். குப்பென்று ஏலக்காய் வாசம் வந்தது. புதுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வருகிற வாசம் இல்லை. பழைய சாக்கை உதறினால் வருமே, அந்த வாசம். கிராபிக்ஸ் கார்டின் இரண்டு விசிறிகளிலும் பழுப்பாகத் தூசி அப்பியிருந்தது. பழுப்பு என்று நான் சொல்கிறேன். உண்மையில் அது என்ன நிறமோ, உனக்குத்தான் தெரியும். ஏலக்காய் வியாபாரி பாயின் கடையில் நாள் முழுக்கக் காய் பொறுக்கிவிட்டு வந்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, புடவையைக்கூட மாற்றாமல் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கார் ஓட்டுவாய். உன் புடவையில் ஒட்டிவந்த தூசியை எல்லாம் இந்த விசிறிகள் இழுத்து வைத்துக்கொண்டிருக்கின்றன. வருகிற ஐப்பசியோடு நீ போய் ஒரு வருடம். துடைக்கலாம் என்று பிரஷ்ஷோடு உட்கார்ந்தவன், துடைக்காமல் தகட்டை மூடிவிட்டேன்.

திறந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று நாளாகத் திரையின் வலப்பக்கம் கோடு கோடாக விழுந்தது. கார்டுதான் போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். அதைக் கழற்றி, ஸ்லாட்டில் உட்காரும் பகுதியை ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினேன். கோடு போகவில்லை. வயரை மாற்றினேன். போகவில்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டி.வி.யில் மாட்டினேன். படம் சுத்தமாக வந்தது. கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, போனது உன் மானிட்டர்.

அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மானிட்டருக்கா இப்படி என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்தப் போடியில் ஏலக்காய் பாக்கெட் டிசைன் செய்து பிழைக்கிற எனக்குப் பச்சை நிறம் தெரியாது என்பதும், அந்த மானிட்டரை வைத்துக்கொண்டு நாம் இருவரும் சேர்ந்துதான் இத்தனை வருடம் ஊரை ஏமாற்றினோம் என்பதும் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

கல்யாணமாகி மூன்றாவது வாரம் நீ அதைக் கண்டுபிடித்தாய். அன்றைக்கு நான் ஒரு வியாபாரிக்கு நூறு கிராம் பாக்கெட் செய்துகொண்டிருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது யாரோ போட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர். ஒரு பக்கம் திறக்க ஒரு டம்ளர் டீ குடித்து முடித்துவிடலாம். நீ பின்னால் வந்து நின்றாய். திரையை எட்டிப் பார்த்தாய். பிறகு, "என்ன மாமா, காயெல்லாம் செவந்து கெடக்கு?" என்றாய்.

"அது ஸ்டைலு" என்றேன். டிசைனர்கள் மாட்டிக்கொண்டால் சொல்கிற பதில் அது.

நீ உள்ளே போய், டிபன் பாக்ஸில் இருந்து இரண்டு காய்களைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாய். "இதுல எது நல்ல காயி?" என்றாய். நான் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட்டேன். நீ சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. எதற்கெடுத்தாலும் கெக்கேபிக்கே என்று சிரிக்கிறவள் நீ.

"எம்புட்டு நாளா?" என்றாய்.

பிறந்ததில் இருந்தே பச்சையும் சிவப்பும் எனக்கு ஒன்றுதான் என்றேன். ரயில்வே வேலைக்கு எழுதித் தேறி, கண் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக இருக்கிற அட்டையைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொன்னபோது, எண்ணே இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்த கதையைச் சொன்னேன். வேலை ஏன் கிடைக்கவில்லை என்று வீட்டில் கேட்டதற்குச் சிபாரிசு இல்லை என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தபோது டிசைன் பிடித்துப்போயிற்று. எழுத்தின் அமைப்பு, கட்டம், இடைவெளி எல்லாம் எனக்குக் கை வந்த கலை. நிறம் மட்டும் எண்களைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணில் மஞ்சள் ஒரு பங்கு கூடினால் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

"இதைப் போயி மறைச்சுக்கிட்டு! சொல்லிட்டாப் போச்சு."

"சொன்னா எவன் வேல குடுப்பான்? பச்சை தெரியாதவன்ட்ட ஏலக்கா பாக்கெட்டக் குடுக்க அவனுகளுக்கு என்ன கிறுக்கா? யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாய். வைத்த கையாலேயே மண்டையில் ஒரு குட்டும் வைத்தாய். அன்றைக்கு அந்தப் பாக்கெட்டை நீ சொல்லச் சொல்லத் திருத்தினேன்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒரு மிஷின், இரண்டு பேர். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் நம்மோடு மூன்றாவதாக இருந்தது. பகலில் எனக்கு, சாயங்காலம் உனக்கு. முதலில் பொழுதுபோக்குக்குத்தான் அந்தக் கார் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாய். மலையில் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பின் பின்கம்பியில் தொற்றிக்கொண்டு வளர்ந்தவளுக்கு, திரையில் வருகிற வளைவெல்லாம் ஒரு பொருட்டா? "வளைவுக்கு முன்னாடியே ஒடிக்கணும் மாமா, வளைவுக்குள்ள போயி ஒடிச்சா நேராக் கெடங்குப் பள்ளந்தான்" என்பாய். பிறகு ஆள்களைச் சேர்த்துக்கொண்டு சுடுகிற விளையாட்டுக்குப் போனாய். எந்த ஊர்க்காரன் என்றே தெரியாதவனை, காதில் மாட்டிய ஹெட்செட்டில், "அண்ணே, பின்னாடி பாருங்கண்ணே, பொதர்ல ஒருத்தன் இருக்கான்" என்று எச்சரிப்பாய். அந்தப் புதரில் இருக்கிறவன் எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. பச்சைக்குள் பழுப்புச் சட்டை. எனக்கு இரண்டும் ஒன்று.

மிஷினில் எதை மாற்றுவது என்பதற்கு நாம் ஒரு முறை வைத்திருந்தோம். ஒரு தடவை எனக்கு, அடுத்த தடவை உனக்கு. ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் முறை வைத்துக்கொள்வதைப் போல. முதல் முறை எனக்கு, எட்டு ஜி.பி. ராம் பதினாறானது, பெரிய பிளெக்ஸ் பைல்கள் திக்காமல் திறந்தன. அடுத்தது உனக்கு; கிராபிக்ஸ் கார்டு வந்தது. அது வந்த பிறகுதான் பழைய பவர் சப்ளை தாங்காது என்று தெரிந்தது. தேனிக் கடையில் இரண்டு பவர் சப்ளைகளைக் காட்டினார்கள். இரண்டின் அட்டையிலும் ஒரே எண்தான் போட்டிருந்தது. நீ இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தாய். பாய் கடையில் லிட்டர் படியில் காயை அளந்து எடை பார்ப்பதைப் போல. "மாமா, இது சண்டு. மேல பெருசா இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல" என்று ஒன்றைத் தள்ளி வைத்தாய். கடைக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. "அக்கா சொல்றது சரிதான் சார், கனமாத்தான் இருக்கணும்" என்றார். அந்தப் பவர் சப்ளை இன்றைக்கும் ஓடுகிறது.

மூன்றாவது முறை எனக்கு. எஸ்.எஸ்.டி. போட்டோம். டீ குடிக்கிற நேரம் பறிபோயிற்று என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன்.

பிறகு உன் முறை வந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாய். வேகமான மானிட்டர். பழைய திரையில் காரைச் சட்டென்று ஒடித்தால் ரோடு எல்லாம் தேய்ந்து கோடாகும். "படம் இழுக்குது மாமா, அதுக்குள்ள அவன் போயிர்றான்" என்பாய். ஒரு நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு தடவை படம் மாற்றுகிற மானிட்டர் ஒன்று இருக்கிறது என்று உன்னோடு விளையாடுகிற யாரோ ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தான். அந்த எண்ணை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

தேனிக் கடையில் இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றில் கார் ஓடியது. இன்னொன்றில் பூவும் பழமும் தோட்டமுமாகப் படங்கள் மாறிக்கொண்டிருந்தன. "கேமிங்னா இது சார். டிசைன்னா இது, ஐ.பி.எஸ்., கலர் அப்படியே வரும், ஆனா ஸ்பீடு கம்மி" என்றார் கடைக்காரர். எனக்கு இரண்டும் ஒன்றுதான், நீ காரைப் பார்த்து எடு என்று சொல்லிவிட்டு நான் வெளியே டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது, நீ கார் ஓடுகிற மானிட்டருக்குப் பக்கவாட்டில் நின்று தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதில் ஒரு தோட்டத்துப் படத்தைப் போடச் சொல்லியிருந்தாய்.

"அண்ணே, அதைக் கட்டுங்க" என்று மற்றதைக் காட்டினாய்.

"ஏ புள்ள, உன் முறை இது."

"சைடுல இருந்து பாத்தா பச்சை மாறுது மாமா. நான் நின்னுக்கிட்டுத்தான பாத்துச் சொல்றேன்? நிக்கையில ஒண்ணு, உக்காந்தா ஒண்ணுன்னு தெரிஞ்சா நான் எதைச் சொல்றது?"

"எனக்கே தெரியாத கலருக்கு எதுக்கு இம்புட்டு?"

"உங்களுக்குத் தெரியாட்டிப் போகுது. எனக்குத் தெரியணும்ல."

தேனியில் இருந்து போடி வரை பஸ்சில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். அடுத்த முறை எனக்கு வந்தால் அதை உனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அதன் பிறகு நாம் எதையும் மாற்றவில்லை. சாயங்காலம் நீ தோற்றுக்கொண்டே விளையாடினாய். தோற்றால், "படம் இழுக்காட்டி இந்நேரம் அவனை முடிச்சிருப்பேன்" என்று மட்டும் சொல்வாய். குத்திக்காட்டுகிற குரலே இல்லாமல்தான் சொல்வாய். எனக்குக் குத்தும்.

அந்த மானிட்டர் வந்த வாரம்தான் நீ பச்சைகளுக்குப் பெயர் வைத்தாய். டிசைன் செய்கிற மென்பொருளில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பெயர் போட்டுச் சேர்த்து வைக்கலாம் என்று காட்டினேன். மேஜையில் காய்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, திரையையும் காயையும் மாறி மாறிப் பார்த்து, "கொஞ்சம் ஏத்துங்க, போதும், கொஞ்சம் எறக்குங்க" என்று நான்கு பச்சைகளைப் பிடித்தாய். 'செடியில இருக்கது.' 'ஸ்டோர்ல இருந்து அன்னைக்கு வந்தது.' 'சாக்குல ஒரு மாசம் கெடந்தது.' 'வெயில் பட்டது.' நீ சொன்னபடியே எழுத்துப் பிசகாமல் அடித்து வைத்தேன். ஸ்டோர் என்றால் நம் மலையில் காயைக் காய வைக்கிற கட்டடம் என்பது தெரியாதவன் யாராவது அந்தப் பைலைத் திறந்தால் மண்டையைச் சொறிவான். இவற்றில் இரண்டாவதுதான் வியாபாரிகளுக்கு வேண்டும். அதைத் தவிர மற்றதைப் பாக்கெட்டில் போட்டால் மானம் போய்விடும் என்று எனக்கு மனப்பாடம் ஆகும்வரை சொன்னாய்.

ஒரு தடவை பாக்கெட்டுக்குப் படம் எடுக்க மலை மேலே உன் அம்மா வீட்டுக்குப் போனோம். மழை விட்ட காலை. போடிமெட்டு தாண்டி ஜீப்பை விட்டு இறங்கியதும் சரிவைக் காட்டினாய். ஏலத்தோட்டம், அதற்கு மேலே மரம், அதற்கும் அந்தப் பக்கம் தேயிலை. "எந்தா மாமா, பேச்சையே காணோம்? எம்புட்டுப் பச்சை பாருங்க!" என்றாய். மலைக்கு வந்துவிட்டால் உனக்கு வாயில் மலையாளம் ஒட்டிக்கொள்ளும்.

"எனக்கு எல்லாம் நனைஞ்ச சாக்கு மாதிரித்தான் இருக்கு" என்றேன்.

நீ முகம் மாறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதுவரைக்கும் அதை ஒரு வேடிக்கையாக நினைத்திருந்தாய் போலிருக்கிறது. ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி, இது தளிர், அது முற்றியது, அது நிழலில் இருப்பது என்று சொல்லிக்கொண்டே நடந்தாய். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் தெரிகிறது தெரிகிறது என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன். நீ நம்பவில்லை என்பதும் தெரியும்.

பிறகு உன் ரத்தத்தில் நோய் வந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. ஐந்து மாதம். அந்த நாள்களை இங்கே எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியாதது அதில் ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நீ படுத்திருந்த மூன்றாவது மாதம், பாய் புதிதாக ஒரு கால்கிலோ பாக்கெட் கேட்டார். நீ காய் பொறுக்கிய கடைக்காரர் என்பதால் அவருக்கு இல்லையென்று சொல்ல முடியவில்லை. உன் அம்மாவை உன்னோடு விட்டுவிட்டு இரண்டு நாள் போடிக்கு வந்து அதை நானே செய்தேன். எடுத்த படத்தில் காய் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்க நீ பக்கத்தில் இல்லை. உன் பச்சைகளின் எண்ணைப் பார்த்து, படத்தை அதற்குப் பக்கத்தில் இழுத்துக் கொண்டுவந்து, தோராயமாக ஒரு முடிவு செய்து பாய்க்கு அனுப்பினேன். வழக்கமாக அச்சகத்துக்கு நான்தான் பைலை அனுப்புவேன். அந்தத் தடவை பாய், "நீங்க ஆஸ்பத்திரியப் பாருங்க தம்பி, பிரஸ்ச நான் பாத்துக்கிறேன்" என்றார். பாக்கெட் வந்தது. எல்லாரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்து உன் கையில் கொடுத்தேன். "பாத்தியா? நானே பண்ணிட்டேன்" என்றேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அன்னைக்கு ஸ்டோர்ல இருந்து வந்தது கணக்கா இருக்கு மாமா" என்றாய். "அப்பறம் என்ன? இனி நான் எதுக்கு?" என்றும் சொன்னாய். வேடிக்கையாகத்தான் சொன்னாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீ போன பிறகு இந்த ஒரு வருடமும் உன் நான்கு பச்சைகளை வைத்தே ஒப்பேற்றினேன். புதுப் படம் எதையும் தொடவில்லை. பழைய பாக்கெட்டில் எடையை மாற்றுவது, விலாசத்தை மாற்றுவது, கறுப்பு வெள்ளையில் அறிவிப்பு அடிப்பது. இப்போது பாய் ஒரு புதுப் பெட்டி கேட்டிருக்கிறார். தீபாவளிக்குப் பரிசாகக் கொடுக்கிற பெட்டி. மூடி முழுக்கக் காய் படம். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநாள்தான் திரையில் கோடு விழுந்தது.

நேற்று மத்தியானமே தேனிக்குப் போனேன். அதே கடை. அதே கடைக்காரர், அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, நல்லவேளை. "கேமிங்கா சார், டிசைனா?" என்றார். ரெண்டும்தான் என்றேன்.

"இப்ப அந்தப் பிரச்சினையே இல்ல சார். ஸ்பீடும் கலரும் ஒண்ணுலயே வருது" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

நொடிக்கு நூற்று அறுபத்தைந்து. பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாதாம். நீ உன் முறையை விட்டுக்கொடுத்து எடுத்த முடிவு, இப்போது எடுக்கவே வேண்டாத முடிவு. எனக்கு அந்தக் கடைக்காரர் மேல் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார், பாவம். திரையின் நிறத்தை அளந்து சரிசெய்கிற கருவி ஒன்றும் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். அது திரையைச் சரியாக்கும். காய் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை அது எனக்குச் சொல்லாது. வேண்டாம் என்றேன். மானிட்டரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் முதலில் உன் காரைத்தான் எடுத்தேன். உன் பெயரில் அது அப்படியே இருக்கிறது. படம் இழுக்கவே இல்லை. ரோடு ஓரத்துக் கல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. முதல் வளைவிலேயே, வளைவுக்குள் போய் ஒடித்து, நேராகக் கிடங்கில் விட்டேன். நீ பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது.

பிறகு பாயின் தீபாவளிப் பெட்டிக்கான படத்தைத் திறந்தேன். உன் நான்கு பச்சைகளையும் ஓரத்தில் வைத்தேன். எண்கள் எல்லாம் அதே எண்கள். ஆனால் இந்தப் புதுத் திரை அவற்றை நீ பார்த்த மாதிரிதான் காட்டுகிறதா? யாரைக் கேட்பது? படத்தை ஏற்றினேன், இறக்கினேன். எல்லாமே சரியாக இருப்பது போலவும் இருந்தது, எல்லாமே தப்பாக இருப்பது போலவும் இருந்தது. இன்று காலை மறுபடி உட்கார்ந்தபோது, இனி முடியாது என்று தோன்றிவிட்டது. தப்பான நிறத்தில் பெட்டி அடித்து அந்த மனுஷன் தலையில் கட்டுவதைவிட, உண்மையைச் சொல்லிவிட்டு இந்த வேலையே இல்லாமல் போனால்கூடப் பரவாயில்லை. பாய்க்குப் போன் போட்டு, நேரில் வரச் சொன்னேன்.

வந்தார். ஒரு பையில் காய் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பியவரை நிறுத்தினேன்.

"பாய், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்குப் பச்சை தெரியாது. பொறந்ததுல இருந்தே. உங்க பாக்கெட்டெல்லாம் அவதான் பாத்துச் சொன்னா. நான் சும்மா எண்ணத் தட்டுவேன். இந்த வேலைய நீங்க வேற ஆள்ட்டக் குடுத்தாலும் எனக்கு வருத்தம் இல்ல."

பாய் பையில் இருந்து எடுத்த காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி" என்றார்.

"எப்படி பாய்?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து தங்கச்சி போன் போட்டுச்சு. நீங்க அந்தக் கால்கிலோ பாக்கெட்டுக்குப் போடி வந்திருந்தீகள்ல, அன்னைக்கு. 'பாய், ஒரு சத்தியத்த மீறப் போறேன், பாவம் எனக்கு வரட்டும். மாமாவுக்குப் பச்சை தெரியாது. இனிமே நீங்க ஒரு கண்ணு பாத்துக்கங்க. உங்களுக்குத் தெரியும்னு மட்டும் அவருக்குத் தெரிய வேணாம், ரோசக்காரரு, வேலையவே விட்டுருவாரு'ன்னு சொல்லுச்சு."

"அப்ப அந்தப் பாக்கெட்டு?"

பாய் தயங்கினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க அனுப்புனதா? பேரீச்சம்பழ பாக்கெட்டு மாதிரி இருந்துச்சு தம்பி. பிரஸ்ல போயி ஒரு பகல் உக்காந்து மாத்திட்டு வந்தேன்."

அதை வைத்துக்கொண்டுதான் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நானே பண்ணிட்டேன் என்று பீற்றினேன். நீயும் எல்லாம் தெரிந்துகொண்டே திருப்பித் திருப்பிப் பார்த்தாயே! எனக்கு உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம். என்னைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம்? பாய்க்கு முன்னால் அழக் கூடாது என்று மவுசைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு காயை விரல் நுனியில் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினார். "கொஞ்சம் ஏத்துங்க. இன்னுங் கொஞ்சம். போதும் போதும்" என்றார். பகல் சாப்பாட்டுக்குள் பெட்டி முடிந்துவிட்டது. உன் அளவுக்கு வேகம் இல்லை. ஆனால் நிதானமான மனுஷன்.

அவர் போன பிறகு சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனேன். காய்கறிக் கடையில் கூட்டம். நான் தக்காளிக் கூடைக்கு முன்னால் போய் நிற்பதற்குள், கடைக்கார அம்மா தானே பொறுக்கி எடைபோட்டு, "பழுத்ததாப் பாத்து எடுத்துப் போட்டுருக்கேன்ணே, நாளைக்கே வச்சிருங்க" என்று பையில் கொட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அவரவரே பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்த ஒரு வருடமாக இந்த அம்மா என்னைத் தக்காளியைத் தொடவிட்டதே இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அண்ணன்கூட இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும், "கலர நான் ஒரு தடவை பாத்துக்கவா?" என்கிறார். போன மாதம் சிக்னலில் நான் பார்த்து நிற்பதற்குள் முழங்கையைப் பிடித்து இழுத்து, "சிவப்பு விழுந்துருச்சு மாப்ளே" என்றானே ஆட்டோக்காரன், அவன்?

எத்தனை பேரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போனாய் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, இனி யாரிடமும் கேட்கப்போவதும் இல்லை. தக்காளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.